மாப்பிள்ளை ஊற்றிய வெந்நீர்

ஹோமிலிருந்து சிஸ்டர் போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியில் தோசை வார்த்தபடியே போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க அப்பா குளிச்சுப் பத்துப் பன்னெண்டு நாளாவுதும்மா. ஈரத்துணியால தொடைக்கக்கூட விடமாட்டேங்கறாரு. பக்கத்துக் கட்டில்காரர் நாத்தம் தாங்கலன்னு சண்டை போடறாரு. நீங்க ஒரு தரம் வந்து பேசிப் பாருங்களேன்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். தோசை கல்லிலேயே கிடந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அவள் அப்பா சம்பந்தப்பட்ட விஷயம், அவள் பார்த்துக்கொள்வாள் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

என் மாமனாருக்குக் கரையாம்புத்தூர். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம் என்று காலமெல்லாம் சேற்றில் நின்றவர். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு அங்கேயேதான் இருந்தார். போன வருஷம் ஒருநாள் காலையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் விழுந்து கிடந்தார். இடது கையும் இடது காலும் விழுந்துபோயின. பேச்சு குழறினாலும் புரியும். எங்களுக்கு வில்லியனூரில் மாடி வீடு; அங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டோம். மனைவி கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். எனக்குத் திருவாண்டார்கோயில் பக்கத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வார்க்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாங்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை அவரே சொன்னார், "என்ன எங்கனா ஒரு ஹோம்ல சேத்துடும்மா." அப்படித்தான் பாகூர் பக்கம், வயல்களுக்கு நடுவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற அந்த இல்லத்துக்குப் போனார்.

அங்கே ஆண்களைக் குளிப்பாட்ட ஒருவர் இருந்தார். அக்கா மகள் கல்யாணம் என்று சொந்த ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் பெண்களைக் குளிப்பாட்டும் அம்மாக்களே ஆண்களையும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். என் மாமனார் மட்டும் முடியாது என்றுவிட்டார்.

மறுநாள் மனைவி கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். மதியம் திரும்பி வந்தவள் முகம் கழுவிவிட்டு நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் ஊத்தறேன்னு சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. 'நீ எனக்குப் பொறந்த பொண்ணு. உன்கிட்ட நான் வேட்டிய அவுக்கணுமா'ன்னாரு." பிறகு, "நீங்க ஒரு தடவ போறீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஷிப்டைக் காரணம் சொன்னேன், பைக்கில் பிரேக் சரியில்லை என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது தாங்காமல்தான் மூன்றாம் நாள் சரி என்றேன்.

எனக்கும் அவருக்கும் இடையில் இருந்ததைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை "வாங்க மாப்ள" என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. நான் உள்ளே நுழைந்தால் எழுந்துவிடுவார். நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். வயலில் கோவணத்தோடு நிற்கிற மனிதர், வீட்டில் துண்டோடு திரிகிற மனிதர், என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவாராம். மனைவி சொல்லிச் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் சட்டையில்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அவரைத் தொட்டதும் கிடையாது, கல்யாணத்தன்று காலில் விழுந்ததைத் தவிர. எங்கள் வீட்டில் இருந்தபோதுகூட அவரைத் தூக்கவும் குளிப்பாட்டவும் கூலிக்கு ஓர் ஆள் வந்துபோனார். இந்த மரியாதையை நான் ஒரு நாளும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது.

புறப்படுகிற அன்று கையுறை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். தெருமுனை மெடிக்கலில் இருக்கிறவர் தெரிந்தவர். எதற்கு என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? அதனால் கம்பெனியில் கொடுத்த கையுறையையே பையில் போட்டுக்கொண்டேன். அச்சிலிருந்து தொட்டியைச் சூட்டோடு எடுக்கும்போது போடுகிறது. உள்ளே துணி வைத்த தடித்த ரப்பர், முழங்கை வரை வரும். மாமனாரைத் தொட அது வேண்டும் என்று நான் நினைத்தேன். அதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

உறுவையாறு தாண்டி வயல்வெளியில் போகும்போது லேசாகத் தூறல் இருந்தது. ஹோமுக்குப் போனதும் சிஸ்டர் என் கையைப் பிடிக்காத குறையாக, "நீங்க வந்ததே பெரிய விஷயம் சார்" என்றார். ஆண்கள் கூடத்தில் எட்டுக் கட்டில். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில், சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட ஒருவர் இருந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர், மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். நாத்தம் என்று சண்டை போட்டவர் அவர்தான்.

"வந்துட்டாருப்பா மாப்ள. இனிமே நம்ம மூக்கு பொழச்சிக்கும்" என்று சத்தமாகச் சொன்னார்.

மாமனார் என்னைப் பார்த்ததும் வலது கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் ஓடிப்போய், "படுங்க மாமா" என்றேன். கிட்டே போனதும் நாற்றம் எனக்கும் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு மாப்ள? வேணாம். எனக்குக் குளிர் ஒத்துக்காது."

"வெந்நிதான் மாமா."

"இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்."

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன் மாமா."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எப்படிச் சொல்வது? சரி என்று தலையாட்டினார். அது சம்மதம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

குளியலறை கூடத்துக்குப் பின்பக்கம். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். வேலைக்கார அம்மா அண்டாவிலிருந்து ஒரு வாளி கொதிநீர் மொண்டுவந்து வாசலில் வைத்து, "வெளாவிக்கினு ஊத்துங்க சார், கொதிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு வாளியில் பச்சைத்தண்ணீர் பாதி பிடித்து, வெந்நீரைக் கலந்து வைத்துக்கொண்டேன். மிச்சக் கொதிநீர் அதன் வாளியிலேயே ஆவி பறக்க இருந்தது.

அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி உட்கார வைத்தேன். எவ்வளவு கனம் இருப்பார் என்று பயந்திருந்தேன். ஒன்றுமே இல்லை. சட்டையை நான் கழற்ற, வேட்டியை அவர் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். இடுப்பில் ஒரு துண்டைப் போட்ட பிறகுதான் விட்டார். அப்போது நான் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார்.

"கம்பெனிதா மாப்ள?"

"ஆமாம் மாமா."

"நல்லாக் கெட்டியா இருக்கு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

முதல் செம்பு முதுகில் விழுந்ததும் உடம்பு நடுங்கியது. இரண்டாவது, மூன்றாவது செம்பில் தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கையுறைக்குக் கீழே தோல் எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை, ஏதோ தொட்டியைக் கழுவுவதைப் போலத்தான் இருந்தது. அழுக்கு திரிதிரியாக வந்தது. கழுத்தில் ஊற்றியபோது அவர் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, "அப்பாடா" என்று. எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. இதற்குப் போய் இத்தனை யோசித்தோமே, சுலபமான வேலைதானே என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அவருக்குச் சிறுநீர் போய்விட்டது. வெந்நீர் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. துண்டைத் தாண்டி வந்து என் காலில் பட்டது. நான் பின்னால் குதித்தேன். குதிக்கும்போது வாயிலிருந்து "ச்சீ" என்று வந்துவிட்டது.

பெரிய சத்தம் இல்லை. ஆனால் குளியலறையில் எல்லாம் கேட்கும்.

"மன்னிச்சிக்குங்க மாப்ள" என்றார் அவர். "என்ன அறியாம போயிடுச்சி."

"பரவால்ல மாமா, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே செம்பை எடுத்தேன். கலந்து வைத்த தண்ணீர் தீர்ந்திருந்தது. எனக்கு அதைச் சீக்கிரம் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். அவர் காலைக் கழுவ வேண்டும், என் காலைக் கழுவ வேண்டும், அந்த நிமிஷத்தையே கழுவித் தள்ள வேண்டும். கொதிநீர் வாளியில் மொண்டு அவருடைய இடது தொடையில் ஊற்றினேன். ஒன்று. இன்னொன்று. கையில் தடித்த ரப்பர். சூடு என்பதே எனக்குத் தெரியவில்லை. அவருக்கோ இடது பக்கம் உணர்ச்சியில்லை.

ஆனால் கொஞ்சம் வலது முழங்காலிலும் தெறித்தது. அவர் உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது.

"சூடா இருக்கா மாமா?"

"இல்ல மாப்ள. பதமாத்தான் இருக்கு."

நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் பிடித்துக் கலந்து, மிச்சத்தை ஊற்றி முடித்தேன். துடைத்து, பவுடர் போட்டு, துவைத்த வேட்டி கட்டிவிட்டு, கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். தொடை சிவந்திருந்ததைக் கவனித்தேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கவனித்திருப்பேன். வெந்நீரில் குளித்தால் சிவக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பேன்.

"உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன் மாப்ள" என்றார்.

பாகூர் கடைத்தெருவில் நிறுத்தி இட்லி சாப்பிட்டேன். மனைவிக்குப் போன் செய்து, "ஜோரா குளிப்பாட்டிட்டேன், ஆளே மாறிட்டாரு" என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. அவள் போனிலேயே அழுதாள். எனக்கு அந்த அழுகையும் பிடித்திருந்தது.

சாயங்காலம் ஷிப்டில் இருந்தபோது மனைவி ஒரு போட்டோ அனுப்பினாள். சிஸ்டர் அவளுக்கு அனுப்பியது. இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். சின்னதாக இன்னும் இரண்டு. கீழே மனைவி ஒன்றுமே எழுதவில்லை. நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றேன். என் இன்னொரு கையில் அதே கையுறை இருந்தது.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனோம். சிஸ்டர் ஆட்டோ சொல்லி வைத்திருந்தார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சிஸ்டர் பேசிக்கொண்டே வந்தார். "வெந்நி பட்டுடுச்சி பாருங்க", "சூடு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திருக்கும்", "வயசானவங்களுக்குத் தோல் மெல்லிசா ஆயிடும்". எல்லாமே தானாக நடந்தது போல. வெந்நீர் பட்டுவிட்டது. ஊற்றியவன் என்று ஒருவன் அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. ஊற்றியவன் ஆட்டோவில் முன்சீட்டில் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே போனான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "யார் ஊத்தினது?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "நான்தாம்மா. ஒத்தக் கையால மொண்டு ஊத்திக்கினேன்." குழறிக் குழறி, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

மனைவி தரையைப் பார்த்தாள். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர், நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

"நீங்க யாரு? பையனா?"

"மருமகன்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்துக்கொண்டும் இருந்தேன். அவர் முகம் இளகியது. "மருமகனா? மாமனாரைக் குளிப்பாட்டறீங்களா? பெத்த பிள்ளைங்களே செய்யறதில்ல சார்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பி, "பாருங்க" என்றார். நர்ஸும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தரை பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. உணர்ச்சியில்லாத பக்கம் அவருக்குச் சூடு தெரியாது, ஊற்றுகிறவர்தான் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். கையுறையைப் பற்றி நான் சொல்லவில்லை. மாமனாரும் சொல்லவில்லை.

மாமனாரை ஹோமில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ் ஸ்டாப் நிழலில் மனைவியிடம் கேட்டேன்.

"ஏன் ஒண்ணுமே பேசமாட்டேங்கற? திட்டணும்னா திட்டிடு."

"எதுக்குத் திட்டணும்? வேணும்னா செஞ்சீங்க?"

"கோவம் வரலியா உனக்கு?"

அவள் என்னைப் பார்க்காமல், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வருது. ஆனா திட்டினா அப்புறம் நீங்க போகமாட்டீங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் அப்பாவின் தொடை வெந்திருக்கிறது. அதற்குக் காரணமானவன் பக்கத்தில் நிற்கிறான். அவன் முகம் கோணாமல் இருக்க வேண்டும் என்று அவள் தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு வருஷம் இவளும் எத்தனை தடவை இப்படி விழுங்கியிருப்பாள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

புண் ஆறுகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார்கள். உடம்பைத் துடைக்கலாம். ஷிப்டுக்குத் தகுந்தபடி காலையிலோ மதியத்திலோ நான் போய்வந்தேன். கையுறை எடுத்துப் போகவில்லை. வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, வெறுங்கையால் அவர் முதுகைத் தொட்டேன். எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தோளில் ஏர் சுமந்தவர்களுக்கு இருக்கிற கட்டித்தோல். இதை நான் அன்றைக்கே தொட்டிருக்க வேண்டியது.

ஆனால் அவர் எதையும் சொல்லமாட்டார். சூடா? பதமாத்தான் இருக்கு. வலிக்குதா? இல்ல மாப்ள. துணி உரசிப் புண்ணோரம் பட்டு உடம்பு சுண்டினாலும் அதே பதில்தான்.

ஒருநாள் அவர் கண்ணயர்ந்த பிறகு, மீன் வியாபாரி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் மாமனாரு சொல்றத நம்பாத. அந்த ஆளு ஐஸ்ல வெச்சாலும் பதம்னுதான் சொல்லுவாரு, நீ ஊத்துனா."

"தெரியும்ண்ணே."

"இன்னா தெரியும் உனக்கு? அன்னிக்கி நீ போனப்புறம் துண்ட வாயில அடச்சிக்கினு அழுதாரு. இன்னாய்யா, எரியுதான்னு கேட்டேன். எரியலியாம். 'மாப்ள மேல பட்டுடுச்சே, அவரு ச்சீன்னுட்டாரே'ன்னு அதயே சொல்லிக்கினு இருந்தாரு."

இத்தனை நாளாக வெந்த தொடைக்காகத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மருந்து இருந்தது, கட்டு இருந்தது, ஆறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அவர் அழுதது வேறு ஒன்றுக்கு. எனக்கு அது மறந்தேபோயிருந்தது.

அடுத்த தடவை துடைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல், முதுகுப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி மாப்ள?"

"குளிக்கும்போது... ஒரு வார்த்தை வந்துடுச்சி."

"எனக்குக் காது சரியா கேக்கறதில்ல மாப்ள" என்றார். "நீங்க இன்னா சொன்னீங்களோ."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ரோட்டில் போகிற பைக்குகளில் எது என்னுடையது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லக்கூடியவர். மாப்பிள்ளை தன்னிடம் மன்னிப்புக் கேட்கிற நிலைமை வந்துவிடக்கூடாது என்று காதை மூடிக்கொண்டார். நான் மறுபடி சொல்லிப் பார்க்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்தேன். பிழிந்ததையே மறுபடி பிழிந்தேன்.

புண் ஆற ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளுத்த ஒரு திட்டு தங்கிவிட்டது. அதற்குள் ஹோமுக்கு ஆண்களைக் குளிப்பாட்ட புது ஆள் வந்துவிட்டார். நல்ல மாதிரி, வாய் ஓயாமல் பேசுகிறவர். மாமனாரை "பெருசு, கையத் தூக்கு, அந்தக் கைய இல்ல, இந்தக் கைய" என்று அதட்டுவார். ஒரு நாள் நான் வெளியே நின்றபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"யோவ், சுடுதுய்யா! ஆளக் கொல்லப் பாக்கறியா?"

"கத்தாத பெருசு. இந்தா, பச்சத்தண்ணி ஊத்திட்டேன். இப்ப?"

"ம்... இப்ப ஊத்து. கண்ணுல சோப்பு போவுது பாரு."

அது என் மாமனாரின் குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மருமகனாக இல்லாத ஒருவரிடம் எவ்வளவு உரிமையாகக் கத்துகிறார்! எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இனி நான் வர வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னபோது, வெளியே "அதனால என்ன சிஸ்டர்" என்றேன். உள்ளே பெரிய பாரம் இறங்கியது. இறங்கியதை உணர்ந்ததும் அதற்கும் வெட்கமாக இருந்தது.

என்றாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆளுக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவியும் கூட வருவாள். அவள் வெளியே அவருடைய துணிகளை அலசுவாள், நான் உள்ளே தண்ணீர் ஊற்றுவேன். வெந்நீர் பட்டதும் சிறுநீர் போகும். நான் நகராமல் நின்று, அடுத்த செம்பு ஊற்றுவேன். அவர் சுவரைப் பார்ப்பார். நானும் வேறு எதையாவது பேசுவேன், கம்பெனியைப் பற்றி, மழையைப் பற்றி. இப்படிப் பழகிவிட்டோம். எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். மீன் வியாபாரி கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி மிச்சமிருந்தா எனக்கும் ரெண்டு செம்பு ஊத்தேன். முதுகெல்லாம் அரிக்குது. நாளைக்கு அந்தாளு வர்ற வரைக்கும் தாங்காது."

தண்ணீர் மிச்சமிருந்தது. அரை வாளிக்கு மேல். நான் அவருடைய வெட்டிய காலைப் பார்த்தேன். நுனியில் தோல் சுருங்கி முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. அதைத் தொட வேண்டியிருக்கும்.

"ஷிப்டுக்கு நேரமாயிடுச்சிண்ணே" என்றேன்.

மாமனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"சரிப்பா, போய்ட்டு வா" என்றார் மீன் வியாபாரி.

மனைவியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் பேசாமல் வருகிறீர்கள் என்று வழியில் கேட்டாள். தலைவலி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சோப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மாமனாரிடம் போவதற்கு முன்னால் மீன் வியாபாரியின் கட்டிலுக்கே நேராகப் போனேன்.

"அண்ணே, இன்னிக்கு முதல்ல உங்களுக்கு ஊத்தறேன். தண்ணி நிறைய இருக்கு."

அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. "வேணாம்பா. நேத்துதான் அந்தாளு ஊத்துனான்."

"பரவால்லண்ணே, வெந்நிதானே."

"வேணாம்னு சொல்றேன் இல்ல."

பக்கத்துக் கட்டிலிலிருந்து மாமனார் தலையைத் தூக்கினார். "கூச்சப்படாத. மாப்ள நல்லா குளிப்பாட்டுவாரு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கிண்டல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. மனதாரத்தான் சொன்னார்.

மீன் வியாபாரி பேப்பரைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உன் மாப்ள உனக்கு" என்றார். "எனக்கு நாளைக்கு ஆளு வரும்."

நான் சோப்பைப் பிரிக்காமல் அவர் அலமாரி மேல் வைத்தேன். பிறகு மாமனாரின் சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளிக்கொண்டு வந்து, பிரேக்கை அழுத்திவிட்டு, அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தேன்.